ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத புரோஸ்டேட் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுத்து ஓரிரு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தவரிடம், நோய் இனி ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படவில்லை என்று மருத்துவர் சொல்லும்போது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே பெரும்பாலான குடும்பங்கள் புரிந்துகொள்கின்றன. 2004க்கு முன்பு அந்தப் புரிதலில் ஓரளவு உண்மை இருந்தது, இன்று இல்லை. ஆயுளை நீட்டுவதாக நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இப்போது பல இருக்கின்றன. எதை முதலில் கொடுப்பது, எதை அடுத்ததற்கு வைத்துக்கொள்வது என்பதில்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது. கீழேயுள்ள பதில்கள் மருத்துவருடன் பேசத் தயாராவதற்கானவை. அவருடைய முடிவுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

நோய் கட்டுப்படவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதலில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்க வேண்டும். அது ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் நோய் வளர்கிறது என்றால் மட்டுமே இந்தப் பெயர் பொருந்தும். ஊசி போட வேண்டிய தேதி தள்ளிப்போனதாலோ, மருந்து உடலில் சரியாக இறங்காததாலோ டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தால், அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. இந்தப் பரிசோதனை எளியது. ஆனாலும் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) ஏறிய பதற்றத்தில் பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது என்பதால், நீங்களே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது, வளர்ச்சிக்கான சான்று. குறைந்தது ஒரு வார இடைவெளியில் பிஎஸ்ஏ அடுத்தடுத்து மூன்று முறை ஏறி, அவற்றுள் இரண்டு அளவுகள் அது தொட்ட அடிமட்டத்தைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடி, 2 என்ற அளவையும் தாண்டியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டிகள் வைத்துள்ள வரையறை. அல்லது ஸ்கேனில் புதிய இடங்களில் நோய் தெரிய வேண்டும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் எண் சற்றுக் கூடியதை வைத்து யாரும் சிகிச்சையை மாற்றக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோனே இல்லாதபோது புற்றுநோய் எதைக் கொண்டு வளர்கிறது?

ஆண் ஹார்மோனைத் தடுத்தால் புரோஸ்டேட் புற்றுநோய் சுருங்கும் என்பதை 1941இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினார்கள். 1966இல் அதற்காக ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிகிச்சை விரைகள் சுரக்கும் ஹார்மோனை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்துகிறது. ஆனால் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் சிறிதளவு ஆண் ஹார்மோனைத் தருகின்றன. புற்றுச் செல்களே தமக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்ளவும் கற்றுக்கொள்கின்றன.

இன்னொரு பக்கம், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியும் மாறுகிறது. சில செல்கள் அந்த ஏற்பியைப் பல மடங்கு உற்பத்தி செய்து, மிகக் குறைந்த ஹார்மோனைக் கொண்டே பிழைக்கின்றன. சிலவற்றில் ஏற்பியின் அமைப்பு திரிந்து, தடுக்க வந்த மருந்தையே ஹார்மோனாக எடுத்துக்கொள்கிறது. ஏஆர்-வி7 எனப்படும் வகையில் ஹார்மோன் வந்து ஒட்டும் பகுதியே இருப்பதில்லை; ஹார்மோன் வந்தாலும் வராவிட்டாலும் அது வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கட்டுப்படாத நிலையிலும் நோய் பெரும்பாலும் இதே ஏற்பியின் வழியாகத்தான் இயங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய மாத்திரைகள் பலன் தருவதற்கும், ஒரு கட்டத்தில் அவையும் தோற்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. கட்டுப்படாத செல்களோடு, இன்னும் கட்டுப்படக்கூடிய செல்களும் அதே உடலில் இருக்கின்றன. ஊசியை நிறுத்தி டெஸ்டோஸ்டிரோன் திரும்பினால் இரண்டும் சேர்ந்து வளரும். அடுத்து எந்தச் சிகிச்சை வந்தாலும், ஊசி அதற்கு அடித்தளமாகத் தொடரும். விரைகளை அறுவை மூலம் அகற்றிக்கொண்டவர்களுக்கு ஊசி தேவையில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஊசியோடு பைகலூடமைடு போன்ற பழைய மாத்திரையை எடுத்துவந்தவர்களுக்கு, அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தினாலே சில வாரங்களில் பிஎஸ்ஏ இறங்குவது சிலரிடம் காணப்படுகிறது. மேலே சொன்ன திரிந்த ஏற்பியே இதற்குக் காரணம். அந்த இறக்கம் நீண்ட நாள் நிலைப்பதில்லை.

பிஎஸ்ஏ மட்டும் ஏறுகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இப்போதே மருந்து வேண்டுமா?

இதை முடிவுசெய்வது பிஎஸ்ஏ எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதே. ஜனவரியில் 2 ஆக இருந்த பிஎஸ்ஏ ஜூனில் 4 ஆகவும் நவம்பரில் 8 ஆகவும் இருந்தால், அது இரட்டிப்பாக ஐந்து மாதம் எடுக்கிறது என்று பொருள். இந்தக் காலம் 10 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், நோய் விரைவில் எலும்புக்கு வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு அபாலூடமைடு, என்சலூடமைடு, டாரோலூடமைடு ஆகிய மூன்றில் ஒன்றை ஊசியோடு சேர்ப்பது நல்ல பலனைத் தருகிறது என்று 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள் காட்டின. அபாலூடமைடு ஆய்வில், நோய் பரவாமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டிய அளவு) 16.2 மாதத்திலிருந்து 40.5 மாதமாக உயர்ந்தது. மற்ற இரண்டும் ஏறக்குறைய அதே அளவு பலனைத் தந்தன. மூன்றுமே பின்னர் ஆயுளையும் நீட்டுவதாகத் தெரியவந்தது.

மூன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டு எது மேல் என்று நிறுவப்படவில்லை. எனவே பக்கவிளைவை வைத்தே தேர்வு நடக்கிறது. அபாலூடமைடு சிலருக்குத் தோலில் தடிப்பையும் தைராய்டு குறைவையும் தரும். என்சலூடமைடு சோர்வைக் கூட்டும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. டாரோலூடமைடு மூளைக்குள் குறைவாகவே நுழைவதால், தடுமாற்றமோ மறதியோ ஏற்கெனவே உள்ள முதியவருக்கு அதை விரும்புவோர் உண்டு.

இரட்டிப்பாக ஒன்றரை ஆண்டு எடுக்கும் ஒருவருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு காத்திருப்பதே அறிவான வழி. புரோஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைத் தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் வந்தபிறகு, பழைய ஸ்கேன்களில் தெரியாத சிறு பரவல்கள் தெரியத் தொடங்கியிருக்கின்றன. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் எந்த ஸ்கேனில் என்று கேட்க வேண்டிய காலம் இது.

நோய் எலும்பிலோ வேறு உறுப்பிலோ இருக்கிறது. முதலில் எந்தச் சிகிச்சை?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வரிசை கிடையாது. நான்கு செய்திகள் வரிசையைத் தீர்மானிக்கின்றன: இதுவரை என்னென்ன எடுத்திருக்கிறீர்கள், நோய் எங்கே இருக்கிறது, மரபணுப் பரிசோதனை என்ன சொல்கிறது, உடல் எவ்வளவு தாங்கும். இவற்றில் முதலாவதே பெரும்பாலும் மற்றவற்றைவிட அதிகமாகப் பேசுகிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன், இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் ஊசியைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அபிராடெரோனையோ என்சலூடமைடையோ தொடங்குவது இயல்பான முதல் படியாக இருந்தது. இப்போதோ பரவிய நோய் கண்டுபிடிக்கப்பட்ட முதல் நாளிலேயே ஊசியோடு அந்த மாத்திரைகளில் ஒன்றும், சிலருக்கு டோசிடாக்செல் கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. அவர்கள் கட்டுப்படாத நிலைக்கு வரும்போது, அந்த மாத்திரைகளின் பலன் ஏற்கெனவே செலவாகியிருக்கும். மாத்திரை மட்டும் எடுத்தவருக்கு டோசிடாக்செல் அடுத்த படியாகலாம். இரண்டும் எடுத்தவருக்கு காபாசிடாக்செல், லுடீசியம், மரபணு மாற்றம் இருந்தால் ஓலாபரிப் என்று பாதை வேறாகப் பிரியும். இவற்றின் விளக்கம் கீழே வரும்.

அதனால்தான் இதுவரை எடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்தியதற்கான காரணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கவிளைவால் நிறுத்திய மருந்தும் பலனிழந்து நிறுத்திய மருந்தும் ஒன்றல்ல. முன்னதைக் குறைந்த அளவில் மீண்டும் முயலலாம், பின்னதைத் திரும்பக் கொடுப்பதில் பொருளில்லை. மருத்துவமனை மாறும்போது முதலில் தொலைவது இந்தக் காரணம்தான்.

அபிராடெரோன் பலிக்கவில்லை என்றால் என்சலூடமைடுக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அபிராடெரோன் உடலில் எங்குமே ஆண் ஹார்மோன் உருவாகாதபடி ஒரு நொதியைத் தடுக்கிறது. என்சலூடமைடு ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. வழி வேறானாலும் இரண்டும் தாக்குவது ஒரே பாதையைத்தான். ஒன்றிலிருந்து தப்பிய செல் மற்றொன்றிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அபிராடெரோனுக்குப் பிறகு என்சலூடமைடு கொடுத்தபோது சுமார் மூன்றில் ஒருவருக்கு பிஎஸ்ஏ குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. வரிசையை மாற்றிக் கொடுத்தபோது அந்தப் பலன் 4 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, டோசிடாக்செலும் ஒரு மாத்திரையும் எடுத்து முடித்தவர்களுக்கு இரண்டாவது மாத்திரையைவிடக் காபாசிடாக்செல் மேலானது என்று காட்டியது: வாழ்நாள் இடைநிலை 11 மாதத்துக்குப் பதில் 13.6 மாதம். மாத்திரை எளிது என்பதற்காக மட்டும் ஒன்று மாற்றி ஒன்றாக அதே வகையைத் தொடர்ந்தால், கீமோதெரபியைத் தாங்கும் உடல்வலு இருந்த மாதங்கள் வீணாகிவிடக்கூடும்.

அபிராடெரோன் எடுப்போருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வழக்கமான 1000 மில்லிகிராம் அளவை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கி, அதன்பின் ஒரு மணி நேரம் எதையும் உண்ணாமல் இருக்க வேண்டும். உணவோடு எடுத்தால் ரத்தத்தில் சேரும் மருந்து பல மடங்கு கூடிவிடும். உடன் தரப்படும் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டைத் தேவையற்றது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், கால் வீங்கும். நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஸ்டீராய்டால் சர்க்கரை கூடுவதை முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கான மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வயதானவர் கீமோதெரபியைத் தாங்குவாரா?

பிறந்த ஆண்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எழுபத்தெட்டு வயதில் தன் வேலைகளைத் தானே செய்து, தெளிவாக நடமாடும் ஒருவர், பல நோய்களோடு படுக்கையில் நாளைக் கழிக்கும் அறுபத்தைந்து வயதுக்காரரைவிட நன்றாகத் தாங்குவார். எடை இழப்பு, சத்துக்குறைவு, நினைவாற்றல், வீட்டில் உதவி, இதயமும் சிறுநீரகமும் உள்ள நிலை ஆகியவற்றை முறையாக மதிப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

புரோஸ்டேட் புற்றுநோயில் ஆயுளை நீட்டுவதாக நிரூபிக்கப்பட்ட முதல் கீமோதெரபி டோசிடாக்செல். 2004இல் வெளியான ஆய்வில் வாழ்நாள் இடைநிலையை 16.5 மாதத்திலிருந்து 18.9 மாதமாக அது உயர்த்தியது, வலியும் குறைந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. பத்து சுற்றுகள் வரை போகலாம். முடி உதிர்வது, நாக்கில் சுவை மாறுவது, நகம் கறுப்பது, விரல் நுனி மரத்துப்போவது ஆகியவை வழக்கமாக வருபவை. மரத்துப்போவதைத் தாங்கிக்கொண்டு மறைப்பவர்கள் நிறையப் பேர். சட்டைப் பொத்தான் போடுவது சிரமமாகிவிட்டால் அதை அடுத்த சுற்றுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைத்தால் நின்றுவிடக்கூடிய சேதம், சொல்லாமல் விட்டால் நிரந்தரமாகிவிடும்.

காபாசிடாக்செல் டோசிடாக்செலுக்குப் பிறகு கொடுக்கப்படுவது. நரம்பு மரத்தல் இதில் குறைவு. வயிற்றுப்போக்கும் வெள்ளணுக் குறைவும் அதிகம். வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி இதனோடு பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. முதலில் பழக்கத்தில் இருந்த, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம் என்ற அளவுக்கு 20 மில்லிகிராம் ஈடாகவே இருப்பதும், பக்கவிளைவு குறைவதும் தெரியவந்தபின் பலருக்கும் குறைந்த அளவே தரப்படுகிறது.

எலும்புக்கென்று தனிச் சிகிச்சை உண்டா?

உண்டு, இவற்றை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று புற்றுநோயைத் தாக்குவது, மற்றொன்று எலும்பு முறியாமல் காப்பது.

முதல் வகையைச் சேர்ந்தது ரேடியம் 223. கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும் இந்தக் கதிர்வீச்சுப் பொருள், எலும்பு வேகமாக உருவாகும் இடத்தில், அதாவது நோய் இருக்கும் இடத்தில், போய்ச் சேர்கிறது. அது வெளியிடும் ஆல்ஃபா கதிர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவுகூடச் செல்லாததால், சுற்றியுள்ள மஜ்ஜை பெருமளவு தப்பிக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசிகள். 2013ஆம் ஆண்டின் ஆய்வில் வாழ்நாள் இடைநிலை 11.3 மாதத்திலிருந்து 14.9 மாதமாக உயர்ந்தது. நோய் எலும்பில் மட்டும் இருந்து, ஈரலிலோ நுரையீரலிலோ இல்லாதவர்களுக்கே இது. அபிராடெரோனோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில் எலும்பு முறிவு 29 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. அபிராடெரோன் மட்டும் எடுத்தவர்களில் 11 விழுக்காடுதான். எனவே அந்தச் சேர்க்கை கூடாது.

இரண்டாம் வகையில் டெனோசுமாபும் சோலெட்ரோனிக் அமிலமும் வருகின்றன. எலும்பு முறிவு, தண்டுவட அழுத்தம் போன்ற சிக்கல்களை இவை தள்ளிப்போடுகின்றன. தாடை எலும்பு அழுகுவது அரிதான, ஆனால் மிகத் தொல்லையான பக்கவிளைவு. அதனால் முதல் ஊசிக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறவிட வேண்டும். கால்சியமும் வைட்டமின் டியும் உடன் எடுக்க வேண்டும். டெனோசுமாப் எடுப்போருக்குக் கால்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

ஓரிடத்தில் மட்டும் கடுமையாக வலிக்கும் எலும்புக்கு, ஒரே ஒரு முறை 8 கிரே என்ற அளவில் தரப்படும் கதிர் சிகிச்சை, பல நாள் தரப்படும் கதிருக்கு ஈடாகவே வலியைக் குறைக்கிறது. இதை நோயாளிகள் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

லுடீசியம் சிகிச்சை என்பது என்ன?

புரோஸ்டேட் புற்றுச் செல்களில் பெரும்பாலானவை தம் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தை மிகுதியாகக் கொண்டிருக்கின்றன. அதைத் தேடி ஒட்டும் மூலக்கூறு ஒன்றில் லுடீசியம் 177 என்ற கதிர்வீச்சுப் பொருளை இணைத்து நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். எலும்பு, நிணநீர்க்கட்டி, மற்ற உறுப்பு என்று எங்கே அந்தப் புரதம் இருந்தாலும் அங்கே சென்று ஒட்டுகிறது. அதனால் முன்னதாக பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்து, நோய் இருக்கும் இடங்கள் நன்றாக ஒளிர்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். ஒளிராத கட்டிகள் இருந்தால் அவற்றுக்கு இந்த மருந்தால் பயனில்லை.

மாத்திரையும் கீமோதெரபியும் எடுத்து முடித்தவர்களிடம் 2021இல் வெளியான ஆய்வு, வாழ்நாள் இடைநிலை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமானதைக் காட்டியது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோதெரபியைத் தள்ளிப்போடத் தகுந்தவர்களுக்கு அதற்கு முன்பே கொடுக்கும் அனுமதி 2025இல் சேர்ந்தது.

சிகிச்சை நாள் பலரும் அஞ்சுவதைவிட எளிதாகவே கழிகிறது. மருந்து உள்ளே போக சில நிமிடங்களே ஆகும். அதன்பின் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். மருந்தின் பெரும்பகுதி அவ்வழியே வெளியேறுவதால், உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் சில நாட்கள் விலகியிருக்க வேண்டும். எத்தனை நாட்கள் என்பதை மருத்துவமனை எழுதித் தரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு சுற்றுகள் வரை தரப்படுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை ஈர்ப்பதால் வாய் வறளும். சோர்வும் ரத்தச்சோகையும் வரலாம்.

மரபணுப் பரிசோதனை எதற்கு? எப்போது செய்ய வேண்டும்?

இதைப் பரவிய நோய் என்று தெரிந்தவுடனேயே செய்திருக்க வேண்டும்; செய்யவில்லை என்றால் இப்போது செய்ய வேண்டும். டிஎன்ஏவில் ஏற்படும் பழுதைச் சரிசெய்யும் மரபணுக்கள், குறிப்பாக பிஆர்சிஏ2, கெட்டுப்போன புற்றுச் செல்கள் ஏற்கெனவே ஒரு கால் ஊனமானவை. பார்ப் தடுப்பான்கள் எனப்படும் ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் மறுகாலையும் முடக்குகின்றன. பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடமிருந்து நான்கில் ஒருவர் வரை இவ்வகை மரபணுக்களில் ஏதோவொரு மாற்றம் காணப்படுகிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் மாற்றம் உள்ளவர்களிடம் நடந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் ஓலாபரிப் வாழ்நாள் இடைநிலையை 14.7 மாதத்திலிருந்து 19.1 மாதமாக்கியது, மிகத் தெளிவான பலன் பிஆர்சிஏ2 மாற்றம் உள்ளவர்களுக்கே. இந்த நிலைக்கு வரும்வரை புதிய ஹார்மோன் மாத்திரை எடுக்காதவர்களுக்கு, பார்ப் தடுப்பானையும் ஹார்மோன் மாத்திரையையும் சேர்த்தே தொடங்கும் முறைகளும் அமெரிக்காவில் 2023 முதல் அனுமதி பெற்றுள்ளன. ரத்தச்சோகை இவற்றின் முக்கியப் பக்கவிளைவு. சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

பரிசோதனையை உமிழ்நீரிலோ ரத்தத்திலோ செய்தால் பிறவியிலேயே வந்த மாற்றம் மட்டும் தெரியும். கட்டியில் மட்டும் தோன்றிய மாற்றத்தை அறியக் கட்டித் துணுக்கு வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த பயாப்சித் துணுக்கில் டிஎன்ஏ சிதைந்து, பரிசோதனை தோல்வியடைவது அடிக்கடி நடக்கிறது. அப்போது ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைத் தேடலாம்; ஆனால் நோய் வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், புதிய மருந்து தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்தால்தான் அது கிடைக்கும். முடிவு வர வாரங்கள் ஆகும் என்பதால், கடைசி நேரத்துக்கு இதைத் தள்ளுவது ஒரு முழு வகை மருந்தையே இழப்பதாகும்.

இம்யூனோதெரபி பற்றி நிறையப் படிக்கிறோமே?

உடலின் நோயெதிர்ப்பாற்றலைக் கொண்டு புற்றைத் தாக்கும் இந்தச் சிகிச்சை, மற்றப் புற்றுநோய்களில் செய்த அதிசயத்தைப் புரோஸ்டேட்டில் செய்யவில்லை. டிஎன்ஏ எழுத்துப்பிழைகளைத் திருத்தும் அமைப்பு கெட்டுப்போன மிகச் சிலருக்கு, அதாவது நூற்றில் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்கு, பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து நன்றாகப் பலிக்கலாம். அந்தச் சிலர் யார் என்பதையும் மேலே சொன்ன பரிசோதனையே காட்டும். மற்றவர்கள் விளம்பரத்தை நம்பி இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

புதிய மருந்து தொடங்கியபின் பிஎஸ்ஏ ஏறினால் மருந்து பலிக்கவில்லை என்று பொருளா?

முதல் மூன்று மாதத்துக்கு அப்படி முடிவுகட்ட வேண்டாம். டோசிடாக்செல் தொடங்கியபின் பிஎஸ்ஏ சிலகாலம் ஏறிப் பின் இறங்குவது உண்டு. எலும்பு ஸ்கேனிலும் இதே ஏமாற்று நடக்கும்: ஆறத் தொடங்கிய எலும்பு பிரகாசமாகத் தெரிந்து, புதிய புள்ளிகள் தோன்றியதைப் போலக் காட்டும். அதனால்தான் முதல் ஸ்கேனில் புதிய புள்ளிகள் தெரிந்தாலும், அடுத்த ஸ்கேனில் மேலும் புள்ளிகள் கூடினால் மட்டுமே வளர்ச்சி என்று கணக்கில் கொள்கிறார்கள். ரேடியத்தில் பிஎஸ்ஏ பொதுவாகவே நல்ல வழிகாட்டி இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் இருக்கிறது. அது இன்னும் கவலைக்குரியது. பிஎஸ்ஏ குறைவாகவே இருக்க, ஈரலில் நோய் பரவி, எடை விரைவாகக் குறைந்தால், செல்கள் நியூரோஎண்டோகிரைன் என்ற வேறு வகைக்கு மாறியிருக்கலாம். அவை பிஎஸ்ஏவைச் சுரப்பதில்லை. ஹார்மோன் மாத்திரைகளுக்கு அசைவதுமில்லை. மீண்டும் பயாப்சி எடுத்து உறுதிசெய்து, பிளாட்டினம் சேர்ந்த கீமோதெரபி தரப்படுகிறது. எண் குறைவாக இருக்கிறதே என்ற நிம்மதியில் மூன்று மாதம் கடந்துவிடுவதே இங்கு நேரும் இழப்பு.

எந்த அறிகுறிக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு, படுத்தால் கூடும் அல்லது இருமினால் மார்பைச் சுற்றிப் பட்டையாகப் பிடிக்கும் புதிய முதுகுவலி, கால்கள் தளர்வது, படியேறும்போது முழங்கால் மடங்குவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம். அதே நாளில் முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுத்து, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து, கதிர் சிகிச்சையோ அறுவையோ செய்ய வேண்டும். நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார். கால் விழுந்தபின் வருபவர் மீண்டும் நடப்பது கடினம். திங்கட்கிழமை மருத்துவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய வலியல்ல இது.

கீமோதெரபி எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல் வந்தால், அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்பது உயிருக்கு ஆபத்தாகலாம்.

உணவு, மூலிகை, உடற்பயிற்சி?

நோயைக் கட்டுப்படுத்தும் உணவென்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. புரதம் போதுமான அளவு எடுப்பதும், தசையைப் பயன்படுத்தும் உடற்பயிற்சியும் சோர்வைக் குறைக்கின்றன; ஹார்மோன் இல்லாத உடலில் தசையும் எலும்பும் கரைந்துகொண்டே இருப்பதால் இதைச் சிகிச்சையின் பகுதியாகவே எண்ணலாம். எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூலிகை மருந்துகளையும், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். என்சலூடமைடு, அபாலூடமைடு இரண்டும் ஈரலில் பிற மருந்துகள் சிதையும் வேகத்தைக் கூட்டி, அவற்றின் பலனைக் குறைத்துவிடுகின்றன.

எவ்வளவு காலம் என்று கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் மேலே உள்ள மாதக் கணக்குகளைத் தனி ஒருவரின் ஆயுளாக வாசிக்கக் கூடாது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். மேலும் ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு கட்டத்தில் உள்ளவர்களைச் சேர்த்தது. கீமோதெரபிக்கு முன் அபிராடெரோன் எடுத்தவர்களின் இடைநிலை 34.7 மாதம், கீமோதெரபிக்குப் பின் அதே மருந்தைத் தொடங்கியவர்களின் இடைநிலை 15.8 மாதம். இரண்டாவது எண்ணைக் கண்டு மருந்து கெட்டதென்றோ, முதலாவதைக் கண்டு மேலானதென்றோ முடிவு செய்ய இடமில்லை. மருத்துவரிடம், மாதங்களா ஆண்டுகளா என்று கேட்பதே பொருளுள்ள பதிலைத் தரும்.

வலி தணிப்புப் பிரிவுக்கு அனுப்புவது கைவிடுவதா?

இல்லை. வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கும் இந்தப் பிரிவைக் கீமோதெரபியோ லுடீசியமோ நடந்துகொண்டிருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். வலி அடங்கியவர் உண்கிறார், நடக்கிறார், அடுத்த சுற்றைத் தாங்குகிறார். மார்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்ற அச்சத்தில் அதை மறுத்து, வலியோடு படுக்கையில் கிடப்பதால் உடல்வலு விரைவாகக் கரைகிறது. ஒரு கட்டத்தில் அடுத்த மருந்து தரும் நன்மையைவிட அது பறித்துக்கொள்வது அதிகம் என்று நோயாளியே உணரலாம். அப்போது நிறுத்துவதும் ஒரு மருத்துவ முடிவே. அதைச் சொல்லும் உரிமை நோயாளிக்கு முதலில் உண்டு, பிள்ளைகளுக்குப் பிறகுதான்.

இந்த நோய் பிள்ளைகளுக்கும் வருமா?

பிறவியிலேயே வந்த மரபணு மாற்றம் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 12 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2016இல் வெளியான ஆய்வு கூறியது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உடன்பிறந்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. இதை மகன்களைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டு மகள்களிடம் சொல்லாமல் விடும் குடும்பங்கள் உண்டு. பிஆர்சிஏ2 மாற்றம் மகளுக்கு மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. மகனுக்குப் புரோஸ்டேட் பரிசோதனையை நாற்பது வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கும். எனவே மரபணு முடிவின் நகல் ஒன்றைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாங்கிவைத்து, மரபணு ஆலோசகரிடம் தனித்தனியாகப் பேச வேண்டும்.